சொந்தமா கட்டுன தூண்டில் ராடுல படம் ஒட்டும்போது பண்ணக்கூடாத தப்புகள்

வீட்லயே ராடு கட்டுறவங்க பிளாங்க் (ராடோட தண்டு), கைடு (தூண்டில் நரம்பு போற வளையம்), ரீல் சீட் (ரீல் மாட்டுற இடம்), கைட கட்ட நூல் சுத்துறதுன்னு எல்லாத்தையும் பாத்துப் பாத்து பண்ணிட்டு, கடைசில கைப்பிடிக்கு மேல ஒரு மீன் படமோ பேரோ ஒட்டுற இடத்துலதான் அவசரப்படுறாங்க. நானும் அவசரப்பட்டேன். அப்பாவுக்குன்னு கட்டுன ராடுல அவர் பிடிச்ச கொடுவா மீனோட போட்டோவ டீகால் பேப்பர்ல (தண்ணில முக்குனா படம் மெல்லிய படலமா வழுக்கி வர்ற பேப்பர்) பிரிண்ட் போட்டு தண்ணில முக்குனேன், அரை நிமிஷத்துல செவுள் கலரும் துடுப்பு கலரும் ஒண்ணா கரைஞ்சு ஓடிடுச்சு.

காரணம் சிம்பிள்தான். இங்க்ஜெட் பிரிண்டர் மையில பெரும்பாலும் தண்ணில கரையுற சாயம்தான் இருக்கும், அதனால பிரிண்ட் எடுத்து நல்லா காய விட்டு, கிளியர் அக்ரிலிக் ஸ்ப்ரே லேசா ரெண்டு மூணு தடவ அடிச்சு, ஒவ்வொரு தடவையும் காயவிட்டு, அதுக்கப்புறம்தான் தண்ணி பக்கமே போகணும். ஒரே தடவைல தடியா அடிச்சா படலம் விறைச்சு உருண்டையான ராடுல படியாம ஓரம் தூக்கிக்கும். லேசர் பிரிண்டர்னா டோனர் பிளாஸ்டிக் தூள்ங்கிறதால தண்ணில கரையாது, ஆனா லேசருக்குன்னு தனி டீகால் பேப்பர் இருக்கு, இங்க்ஜெட் பேப்பர லேசர்ல விட்டா உள்ள இருக்கிற சூட்டுல படலம் உருகி பிரிண்டர்லயே ஒட்டிக்கலாம். இன்னொண்ணு, துணில இஸ்திரி போட்டு ஒட்டுற பேப்பருக்கு படத்த கண்ணாடி மாதிரி திருப்பி பிரிண்ட் போடுவோம்ல, அத இதுக்கும் பண்ணிடாதீங்க, சாதாரண தண்ணி டீகால் நேராவே வழுக்கி இறங்கும், திருப்பிப் போட்டா பேரு கண்ணாடில பாக்குற மாதிரி இடவலம் மாறிடும்.

கருப்பு கார்பன் பிளாங்க்ல கிளியர் டீகால் ஒட்டுறது அடுத்த தப்பு. நம்ம பிரிண்டர்ல வெள்ளை மை கிடையாது, பேப்பரோட வெள்ளையத்தான் வெள்ளையா காட்டுது, அதனால கிளியர் படலத்துல அடிச்ச படம் கருப்பு மேல போனதும் காணாமப் போயிடும். வெள்ளை டீகால் பேப்பர் வாங்கி படத்த ஓரம் ஒட்டி வெட்டுங்க, இல்லன்னா அந்த இடத்துல மட்டும் வெள்ளை பெயின்ட் அடிச்சு அதுமேல ஒட்டுங்க. மூங்கில் கம்புன்னா கிளியரே போதும், அந்த மஞ்சள் நிறத்து மேல கருப்பு எழுத்து அவ்ளோ அழகா நிக்கும்.

சைஸு. 12 மிமீ விட்டம் உள்ள பிளாங்க்ல சுத்தளவே 37.7 மிமீதான், ஒரு பக்கமா பாத்தா பாதிதான் தெரியும், அதுலயும் ஓரம் வளைஞ்சு போறதால 12, 13 மிமீ உயரத்துக்கு மேல போனா மீனோட வயிறு அடில போயிடும். முழுசா சுத்துற படம்னா இன்னும் கவனம், ராடு நுனிய நோக்கி குறுகிட்டே போகும்ல, ஒரு முனைல 12 மிமீயும் இன்னொரு முனைல 11 மிமீயும் இருந்தா சுத்தளவுல 3 மிமீக்கு மேல வித்தியாசம், நீள்சதுரமா வெட்டுன படம் சேர்ற இடத்துல ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். முதல்ல சாதா பேப்பர்ல அதே சைஸ்ல பிரிண்ட் போட்டு சுத்திப் பாருங்க. பிரிண்ட் செட்டிங்ல பக்கத்துக்கு ஏத்த மாதிரி பெருசாக்குற ஆப்ஷன ஆஃப் பண்ணி 100 சதவீதம் வைங்க.

சொரசொரப்பா இருக்கிற பிளாங்க் மேல நேரடியா ஒட்டுனா படலத்துக்கு அடில காத்து நின்னு வெள்ளி பூத்த மாதிரி பளபளன்னு தெரியும், மேல எபாக்ஸி (ரெண்டு திரவத்த கலந்து பூசுனா இறுகி கண்ணாடி மாதிரி ஆகுற பூச்சு) போட்டாலும் மறையாது. முதல்ல மெல்லிசா ஒரு கோட் எபாக்ஸி போட்டு அது காஞ்சு கண்ணாடி மாதிரி ஆனப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால துடைச்சிட்டு ஒட்டுங்க, அதுக்கப்புறம் விரல் படவே கூடாது, கை எண்ணெய் பட்ட இடத்துல அடுத்த கோட் குழி குழியா விலகும். ஒட்டி முடிச்சதும் நடுவுலருந்து ஓரத்துக்கு ஈர பஞ்சால தண்ணிய தள்ளி எடுத்துட்டு ஒரு நாள் முழுசா விடுங்க. மேல காஞ்ச மாதிரி தெரியும், அடில ஈரம் இருக்கும், அதுமேல எபாக்ஸி ஊத்துனா பால் மாதிரி மங்கிடும். நம்ம கடலோர ஊர்கள்ல மழைக்காலத்துல ரெண்டு நாள் விடுறதுதான் எனக்கு திருப்தி.

எபாக்ஸிய கண்ணளவுல கலக்காதீங்க, ராடு ஃபினிஷ்னு விக்கிற எபாக்ஸில ரெண்டு திரவமும் பெரும்பாலும் 1:1தான், ரெண்டு சிரிஞ்சு வச்சு ஒவ்வொண்ணுலயும் 3 மில்லி எடுங்க, ரொம்பக் கம்மியா எடுத்தா சின்ன பிசகு கூட பெருசாகி பிசுபிசுன்னே நின்னுடும். அஞ்சு நிமிஷ எபாக்ஸி வேணவே வேணாம், தடவி முடிக்கிறதுக்குள்ள இறுகிடும், பின்னாடி மஞ்சளும் அடிக்கும். ராட சுத்திட்டே வைக்கணும், மோட்டார் இல்லன்னா பக்கத்துலயே உக்காந்து சில நிமிஷத்துக்கு ஒருக்கா பாதி சுத்து திருப்பிட்டே இருங்க, விட்டீங்கன்னா படத்துக்கு அடில தொங்கல் விழும்.

உங்க ஸ்ப்ரேயும் எபாக்ஸியும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுமான்னு உடைஞ்ச ராடு துண்டு ஒண்ணுல முதல்ல போட்டுப் பாத்துடுங்க. அப்பா ராடுக்கு ரெண்டாவது தடவ அப்படித்தான் பண்ணேன், துண்டுல சரியா வந்தப்புறம்தான் ராடுலயே கை வச்சேன், அந்தக் கொடுவா இப்போ கைப்பிடிக்கு மேல செதில் செதிலா தெரியுது.