அறுவைக்கு ஒப்புவதற்கு முன்: இன்றைய இழப்பும் நாளைய பயனும்

மாத்திரையைப் போல அறுவைச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திக்கொள்ள இயலாது. மயக்க மருந்து, குருதிப்போக்கு, தொற்று ஆகியவற்றின் ஆபத்துகள் பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே வந்துவிடும். தொந்தரவு எதுவும் தராத நோய்க்கு வருமுன் காப்பதற்காகச் செய்யும் அறுவையின் பயனோ ஆண்டுகள் கழித்தே தெரியும். ஆகவே, பயன் எவ்வளவு என்று கேட்பதோடு, அது எப்போதிலிருந்து கிடைக்கும் என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.

கழுத்துத் தமனி அடைப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தமனி 60 விழுக்காடோ அதற்கு மேலோ குறுகியும் அறிகுறி தோன்றாதவர்களிடம் நடத்தப்பட்டு 1995இல் வெளியான ஆய்வில், 5 ஆண்டுகளுக்குள் பக்கவாதம் வரும் வாய்ப்பு மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு 11 விழுக்காடாகவும், அடைப்பை நீக்கும் அறுவையும் செய்துகொண்டவர்களுக்கு ஏறத்தாழ 5 விழுக்காடாகவும் கணிக்கப்பட்டது. பாதிக்கும் மேல் குறைகிறது என்று இதைச் சொல்லலாம். 100 பேரில் 6 பேர் தப்புகிறார்கள் என்றும் சொல்லலாம். இரண்டாவதே நேர்மையான கணக்கு என்பது என் கருத்து. அறுவையை ஒட்டிய நாட்களிலேயே 2 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்டோர் பக்கவாதத்துக்கோ மரணத்துக்கோ ஆளானதால், அறுவைக்குச் சென்றவர்கள் தொடக்கத்தில் பின்தங்கியே இருந்தனர். அந்த இழப்பை ஈடுகட்டும் காலம்வரை வாழும் வாய்ப்பு இல்லாதவருக்கு, முதுமையாலோ வேறு கடும் நோயாலோ, இந்த அறுவை இழப்பு மட்டுமே. அதன்பின் மருந்துகளும் மேம்பட்டுவிட்டதால், பழைய இடைவெளியை அப்படியே நம்பவும் கூடாது.

வயிற்றின் பெரிய தமனி பலூன்போல் புடைக்கும் வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்தில் கணக்கு தலைகீழாகும். வயிற்றைத் திறக்காமல் தொடை வழியே ஸ்டென்ட் (தமனிக்குள் வைக்கும் குழாய்) பொருத்தும் முறையில், வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையைவிட முதல் மாத இறப்பு குறைவு. ஆனால் பிற்காலக் கசிவுகளாலும் மறுசிகிச்சைகளாலும் அந்த முன்னிலை சில ஆண்டுகளில் கரைந்துவிடுகிறது. அதனால்தான் முதியவருக்கு ஸ்டென்டையும், உடல் திடமுள்ள இளையவருக்குத் திறந்த அறுவையையும் பல மருத்துவர்கள் முன்வைக்கின்றனர்.

ஆய்வின் எண்களைக் கேட்டதும், அதே அறுவையில் உங்களுக்கு அறுவை செய்யவிருக்கும் குழுவினரின் சொந்தச் சிக்கல் விகிதம் என்னவென்று தயங்காமல் கேளுங்கள்; இன்றைய இழப்பை நிர்ணயிப்பது அதுவே.

காத்திருப்பதும் ஒரு சிகிச்சை முடிவுதான். ஆண்களுக்கு வயிற்றுப் பெருந்தமனி வீக்கம் பொதுவாக 5.5 சென்டிமீட்டரை எட்டும்வரை கண்காணிப்பே வழக்கம். அப்படிக் காத்திருப்பதாக முடிவானால், அடுத்த ஸ்கேன் எந்தத் தேதியில், எந்த அளவை எட்டினால் அறுவை, எந்த வலி வந்தால் உடனே விரைய வேண்டும் என்பவற்றை அன்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.