ஸ்டெப் மறப்பதில்லை, இணைப்புதான் மறக்கிறது

பால்ரூம் ஜோடி நடனத்தின் ரொட்டீனை, அதாவது ஆட வேண்டிய ஸ்டெப் வரிசையை, மனப்பாடம் செய்யும்போது அதிகம் பார்க்கிற தவறு, எங்கே தடுமாறினாலும் உடனே ஆரம்பத்துக்கே போய்விடுவது. பத்து முறை இப்படி ஆடினால் முதல் நான்கு பார் (இசையின் தாளச் சுற்று) தண்ணீர் பட்ட பாடாகிவிடும், கடைசிப் பகுதியை ஒருமுறைகூட ஒழுங்காக ஆடியிருக்க மாட்டீர்கள். தடுமாறிய ஃபிகருக்கு (சில ஸ்டெப்கள் சேர்ந்த, தனிப் பெயருள்ள தொகுப்பு) முந்தையதிலிருந்து எடுங்கள், போதும். முடிவுப் பகுதியை முதலில் பழகிக்கொண்டு பின்னிருந்து முன்னே வந்தால் இன்னும் நல்லது, ஆட ஆட நன்றாகத் தெரிந்த இடத்துக்குத்தான் போய்ச் சேருவீர்கள்.

அடுத்தது, என்னைக் கேட்டால் இதுதான் பெரிய தவறு: ஃபிகரின் பெயர்களை வரிசையாக ஒப்பித்துவிட்டு அவை சேரும் இடத்தைக் கவனிக்காமல் விடுவது. ஃபிகருக்கு நடுவில் மறந்து நிற்பவர்கள் குறைவு, ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த நொடியில்தான் கால் திகைக்கும். வால்ட்ஸில் ஆரம்பத்தில் பலரும் கற்கும் ஃபிகர் வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள்: நேச்சுரல் ஸ்பின் டர்ன், ரிவர்ஸ் டர்னின் பின்பாதி, விஸ்க், ஷாஸே. ஸ்பின் டர்ன் முடியும்போது லீட் செய்பவரின் (ஜோடியில் வழிநடத்துபவரின்) எடை இடது காலில் இருக்கும், முதுகு சாய்வாகக் கூடத்தின் மையத்தைப் பார்க்கும். அப்படியானால் அடுத்து வலது கால் பின்னால் போக வேண்டும், அதுதான் ரிவர்ஸ் டர்னின் பின்பாதி. எடை எந்தக் காலில், உடல் எந்தப் பக்கம், இந்த இரண்டையும் ஒவ்வொரு இணைப்பிலும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

ஷாஸேயில் மூன்று எண்ணிக்கைக்குள் நான்கு அடி, 'ஒன்று, இரண்டு-அண்ட்-மூன்று'. வெறுமனே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியே பழகியவர்கள் அங்கே ஓர் அடியை விழுங்கிவிட்டு, அடுத்து வரும் நேச்சுரல் டர்னுக்கு வலது கால் வேண்டிய நேரத்தில் அதன் மேலேயே எடையோடு நிற்பார்கள்.

ஜன்னல் வந்தால் திரும்ப வேண்டும், கண்ணாடி வந்தால் விஸ்க் என்று அறையை வைத்து நினைவில் வைக்காதீர்கள், வேறு கூடத்துக்குப் போனால் எல்லாம் கலைந்துவிடும். ஆடுபவர்கள் எங்கேயும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்தான் சுற்றுகிறார்கள், அந்தப் பாதையையும் நீளப் பக்கம், குறுகிய பக்கம், மூலை இவற்றையும் வைத்துப் பழகுங்கள்.

வேகமும் அப்படித்தான். போட்டி வால்ட்ஸ் நிமிடத்துக்கு 28 முதல் 30 பார் வரை, முதல் நாளே அதில் ஓடினால் பிழையும் சேர்ந்தே பதியும். முதலில் பாட்டே இல்லாமல் எண்ணி ஆடுங்கள், ஒரே இரவில் மூன்று மணி நேரம் என்று உட்காராமல் தினம் இருபது நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஃபாலோ செய்பவருக்கு, அதாவது லீடைப் பின்பற்றி ஆடுபவருக்கு, தனியாக ஒன்று. ரொட்டீன் தெரியும் என்பதற்காக லீட் வருமுன்னே கிளம்பிவிடாதீர்கள். இருவரும் ஒருவரையொருவர் தொடாமல் அவரவர் பகுதியை ஒருமுறை முழுக்க ஆடிப் பார்த்தால் யாருக்கு எங்கே உண்மையில் தெரியவில்லை என்பது உடனே தெரிந்துவிடும்.