கென்யாவின் எரிமலை ஏரிகளைப் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கென்யா என்றதும் மாசாய் மாராவும் சிங்கமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நைரோபியிலிருந்து வடமேற்கே இரண்டு மணி நேரம் காரில் போனால் வேறொரு உலகம் திறக்கிறது. நிலம் மெல்லப் பிளந்துகொண்டிருக்கும் பெரும் பள்ளத்தாக்கு அது. லாங்கோநாட், மெனெங்காய் போன்ற எரிமலைகளுக்கு இடையே நைவாஷா, எலிமென்டைட்டா, நகுரு, பொகோரியா, பாரிங்கோ என ஏரிகள் வரிசையாகக் கிடக்கின்றன. எலிமென்டைட்டா, நகுரு, பொகோரியா மூன்றும் 2011-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. இங்கே போய் ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்களும், ஆபத்தில் மாட்டிக்கொள்கிறவர்களும் பெரும்பாலும் ஒரே விஷயத்தைக் கவனிக்கத் தவறியவர்கள்: தண்ணீரை.

“ஒரு ஏரியைப் பார்த்தால் போதும், எல்லாம் ஒன்றுதானே” என்று திட்டம் போடுவது முதல் தவறு. நைவாஷாவிலிருந்து ஆறு எதுவும் வெளியேறுவதில்லை. ஆனாலும் நீர் நிலத்தடியில் கசிந்து போய்விடுவதால் உப்பு சேராமல் நன்னீராகவே இருக்கிறது. அதனால்தான் அங்கே மீன், மீன் கழுகு, நீர்யானை எல்லாம் உண்டு. பொகோரியாவில் நீர் வெளியேற வழியே இல்லை. எரிமலைப் பாறைகளிலிருந்து கரைந்து வரும் சோடா உப்பு தங்கித் தங்கி, மீன்கூட வாழ முடியாத அளவுக்குக் காரத்தன்மை ஏறிவிட்டது. அந்தக் காரநீரில் ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசி செழித்து வளரும். சிறிய பூநாரை (ஃபிளமிங்கோ) என்ற இனத்துக்கு அதுதான் சாப்பாடு. பழவேற்காட்டிலும் கோடியக்கரையிலும் நாம் பெரும்பாலும் பார்ப்பது பெரிய பூநாரை. அது சேற்றைக் கிளறிக் கூனிப்பூச்சி மாதிரியான சிற்றுயிர்களையும் தின்னும். சிறியதோ பாசியையே நம்பி வாழ்வது. பாசி இருக்கும் ஏரியில் பறவை இருக்கும், இல்லாவிட்டால் பறந்துவிடும்.

நகுருவுக்குப் போகிறவர்களின் பெரிய ஏமாற்றத்துக்குக் காரணமும் இதுதான். பழைய படங்களில் கரை முழுவதும் பூநாரைக் கூட்டத்தால் இளஞ்சிவப்பாக இருக்கும். அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். 2010-க்குப் பிறகு இந்த ஏரிகள் எல்லாமே பெருகிவிட்டன. நகுரு ஏரி தேசியப் பூங்காவின் பழைய நுழைவாயிலும் சாலைகளும் தண்ணீருக்குள் போயின. மழைநீர் பெருகக் காரம் குறைந்தது, பாசி குறைந்தது, பூநாரைகள் வேறு ஏரிகளைத் தேடிப் போயின. கரையோரம் நீரில் நின்றபடியே பட்டுப்போன மரங்களை இன்றும் பார்க்கலாம். அதற்காக நகுருவை ஒதுக்கிவிடாதீர்கள். கறுப்பு, வெள்ளை என இரண்டு வகைக் காண்டாமிருகங்களையும் பார்க்க இது அருமையான இடம். பூநாரைதான் வேண்டும் என்றால், கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்னால் ஓட்டுநரிடமோ வழிகாட்டியிடமோ “இப்போது பறவை எந்த ஏரியில்?” என்று கேளுங்கள். அவர்களுக்குத் தெரியும். அப்புறம் ஒரு வேண்டுகோள். கூட்டமாகப் பறக்கும் படம் கிடைக்கட்டும் என்று கைதட்டியோ ஓடியோ அவற்றைக் கிளப்பாதீர்கள். மேயும் நேரம் போவது மட்டுமல்ல, பறப்பதற்கே அவற்றுக்கு நிறைய சக்தி செலவாகிறது.

பொகோரியாவின் வெந்நீர் ஊற்றுகளில்தான் மிகுந்த கவனம் வேண்டும். “வெந்நீர் ஊற்று” என்றதும் நம்மவர்களுக்குக் குளியல்தான் ஞாபகம் வரும், துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இங்கே வருவது குளிக்கிற வெந்நீர் இல்லை, கொதிக்கிற நீர். சில இடங்களில் ஆள் உயரத்துக்கும் பீறிட்டு அடிக்கும். காற்று திரும்பினால் ஆவியும் சாரலும் நேரே முகத்தில் வந்து விழும். உள்ளூர்க்காரர்களும் பயணிகளும் முட்டையைப் பையில் கட்டி ஊற்றில் இறக்கி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் வேகவைத்து எடுப்பதைப் பார்க்கலாம். அந்த நீரில் கால் வழுக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஊற்றைச் சுற்றி வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும் உப்புப் பொருக்கு அப்பளம் போல மெல்லியது. அடியில் கொதிக்கும் சேறு இருக்கலாம். நடந்து நடந்து தேய்ந்த பாதையை விட்டு ஓர் அடி கூட விலக வேண்டாம். குழந்தைகளின் கையை விடவே கூடாது. ஏரி பெருகியதில் பல ஊற்றுகள் மூழ்கிவிட்டதால், பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு தேடுவதும் வீண். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள்.

அந்த வழிகாட்டி எண்டொரோயிஸ் இனத்தவராக இருந்தால் இன்னும் நல்லது. இந்த ஏரிக்கரை அவர்களுடைய மூதாதையர் மண். 1970-களில் வனவிலங்குக் காப்பகத்துக்காக அவர்களை இங்கிருந்து வெளியேற்றினார்கள். மனித உரிமைகளுக்கான ஆப்பிரிக்க ஆணையம் 2010-இல் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவர்கள் வழிபட்ட இடத்தில்தான் நாம் நின்று படம் எடுக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அதனால் உங்கள் பணத்தில் ஒரு பங்கு அவர்கள் கைக்குப் போவது நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

உண்மையிலேயே வெந்நீரில் குளிக்க ஆசையா? நைவாஷாவுக்குப் பக்கத்தில் ஓல்காரியா புவிவெப்ப மின்நிலையத்தை ஒட்டி, பூமிக்கடியிலிருந்து வரும் சூட்டு நீரை ஆறவைத்து நிரப்பிய குளம் இருக்கிறது. அங்கே போங்கள்.

நைவாஷாவில் ஆபத்து வேறு மாதிரி. பகலில் நீர்யானை தண்ணீரில் சோம்பிக் கிடக்கும்; பார்க்கச் சாது மாதிரிதான் தெரியும். இருட்டியதும் கரையேறிப் புல் மேய வரும். அதற்கும் தண்ணீருக்கும் நடுவே மனிதன் நின்றால் நேராகப் பாய்ந்து வரும், நம்மால் ஓடித் தப்ப முடியாது. ஏரிக்கரை விடுதிகளில் மின்வேலி போட்டிருப்பது இதற்காகத்தான். மாலைக்குப் பிறகு காவலாளி துணையில்லாமல் கரைப்பக்கம் போகாதீர்கள். படகுச் சவாரிக்குக் காலை நேரம்தான் சரி, மதியத்துக்குமேல் காற்று கிளம்பி அலை எழும்பும். மிதவை உடுப்பு தரவில்லை என்றால் படகில் ஏறவே வேண்டாம். மீனை வீசிக் கழுகை வரவழைத்துக் காட்டட்டுமா என்று படகுக்காரர் கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கொஞ்சம் பொறுத்திருந்தால் கழுகு தானாகவே பாய்ந்து பிடிப்பதைப் பார்க்கலாம்.

பக்கத்திலேயே ஹெல்ஸ் கேட் தேசியப் பூங்கா. வரிக்குதிரைகளுக்கும் ஒட்டகச்சிவிங்கிகளுக்கும் நடுவே சைக்கிளில் போகலாம் என்பதே தனிச் சந்தோஷம். காட்டெருமையைக் கண்டால் மட்டும் தூரத்திலேயே நின்றுவிட வேண்டும். உள்ளே இருக்கும் குறுகலான பாறைப் பள்ளத்தாக்கை நிறையப் பேர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். தொலைவில் மலையில் பெய்த மழை, இங்கே வானம் வெறிச்சென்று இருக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும். சுவர்போல் நிற்கும் பாறைகளுக்கு நடுவே ஏறித் தப்ப இடம் கிடையாது. 2012-லும் 2019-லும் இப்படி வந்த வெள்ளத்தில் பலர் இறந்தார்கள். 2019-இல் மட்டும் ஏழு பேர். மார்ச் முதல் மே வரையும், அக்டோபர் இறுதி முதல் டிசம்பர் வரையும் மழைக்காலம். அப்போது பள்ளத்தாக்கை மூடியிருந்தால் காவலரிடம் கெஞ்சாதீர்கள். திறந்தே இருந்தாலும், மேட்டுப் பகுதியில் மழையா என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.

இனி ஊரிலேயே முடிக்க வேண்டிய வேலைகள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். போகும்போது யாரும் கேட்காமல் விட்டாலும், திரும்பும்போது இந்திய விமான நிலையத்தில் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் ஆனால்தான் சான்றிதழ் செல்லும். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். எந்தெந்த நாளில் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மலேரியா மாத்திரை பற்றியும் மருத்துவரிடம் பேசிவிடுங்கள், பொகோரியாவும் பாரிங்கோவும் தாழ்வான, சூடான இடங்கள். நைவாஷாவும் நகுருவும் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. பூமத்திய ரேகைக்குப் பக்கம்தானே என்று பருத்திச் சட்டையோடு போனால் விடியற்காலையில் நடுங்குவீர்கள்.

முறுக்கையும் பொடியையும் பாலித்தீன் கவரில் கட்டி எடுத்துப் போகாதீர்கள். 2017 முதல் கென்யாவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2020 முதல் தேசியப் பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலும் கூடாது. எவர்சில்வர் டப்பாவும் துணிப்பையும் போதும். முன் அனுமதி இல்லாமல் ட்ரோனும் கொண்டுபோக வேண்டாம். தேசியப் பூங்காக்களில் ரொக்கம் வாங்குவதில்லை, ஆனால் பொகோரியா பாரிங்கோ மாவட்ட நிர்வாகத்தின் கையில் இருப்பதால் அங்கே தனிக் கட்டணம்.

பாரிங்கோ மாவட்டத்தின் சில பகுதிகளில் மாடு திருடும் கும்பல்களால் அவ்வப்போது துப்பாக்கிச் சண்டை நடப்பதுண்டு. நகுருவிலேயே விசாரித்துவிட்டு மேலே போங்கள், இருட்டில் பயணம் வேண்டாம். நைரோபியிலிருந்து ஒரே நாளில் பொகோரியா போய் வருவதாக யாராவது திட்டம் கொடுத்தால் ஏற்காதீர்கள். பொழுது முழுக்க வண்டியிலேயே போய்விடும். நைவாஷாவில் இரண்டு இரவு, நகுருவில் ஒன்று, பொகோரியா பக்கம் ஒன்று என்று வைத்துக்கொண்டால் அவசரமில்லாமல் பார்க்கலாம்.