பில் ஏற்றுகிறவர்களுக்குக் கழுத்தும் கையும் வலிக்காமல் இருக்க

திருப்பூர் பனியன் கம்பெனி ஆபீஸ், ஈரோட்டு ஜவுளிக் கடை, கோவை ஆடிட்டர் அலுவலகம், எங்கே டேலி என்கிற கணக்கு மென்பொருளில் பில் ஏற்றினாலும் பலருக்கும் கழுத்தும் வலது தோளும் சேர்ந்தே வலிக்கிறது, அதிலும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய 11-ம் தேதியும் 20-ம் தேதியும் நெருங்கினால் கேட்கவே வேண்டாம். தைலம் தேய்க்கும் முன் மேசையைச் சரிசெய்யுங்கள். விலை கூடின நாற்காலி வந்தால்தான் ஆகும் என்றில்லை.

முதலில் பில் கட்டு. கீபோர்டுக்கு இடப்பக்கம் படுக்க வைத்திருப்பதால் ஒவ்வொரு வரிக்கும் தலை குனிந்து, திரும்பி, மறுபடி நிமிர்கிறது. தலை சுமார் 5 கிலோ இருக்கும்; குனியக் குனியக் கழுத்துத் தசை தாங்கும் பாரம் கூடிக்கொண்டே போகும். பில்லைப் பரீட்சை அட்டையில் கிளிப் மாட்டி, மானிட்டரை ஒட்டினாற்போல் நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். எனக்குத் தெரிந்து இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தருவது வேறெதுவும் இல்லை.

மானிட்டரின் மேல்விளிம்பு கண் மட்டத்தில், கையை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கட்டும். ஒரு ரீம் ஏ4 பேப்பர் சுமார் 5 செ.மீ. உயரம், தேவையான அளவு அடுக்கிக்கொள்ளலாம். கீழ்ப்பாதியில் படிக்கிற பவர் உள்ள பைஃபோகல் கண்ணாடி போடுகிறவர்கள் மட்டும் சற்றுத் தாழ்வாக வையுங்கள், இல்லாவிட்டால் மோவாயைத் தூக்கித் தூக்கியே கழுத்து போய்விடும். லேப்டாப் என்றால் அதை உயர்த்திவிட்டுத் தனிக் கீபோர்டு, மவுஸ் வாங்குங்கள்.

அப்புறம் மவுஸ். கீபோர்டின் வலது ஓரத்தில் நம்பர் பேட் இருப்பதால் மவுஸ் வலப்பக்கம் தள்ளிப் போய், முழங்கை விலாவை விட்டு விலகி, தோள் நாள் முழுக்கத் தூக்கியபடியே நிற்கிறது. கணக்கு வேலைக்கு நம்பர் பேட் இல்லாமல் முடியாது, அதனால் மவுஸை இடக்கைக்கு மாற்றிப் பாருங்கள். கொஞ்ச நாள் தடுமாறும், பிறகு பழகிவிடும்.

முழங்கை கீபோர்டு மட்டத்தில் இருக்கும்படி உட்காருங்கள். கால் தொங்கினால் கீழே ஒரு பலகை. போனைத் தோளில் இடுக்கிப் பேசவே பேசாதீர்கள், ஹெட்செட் மாட்டுங்கள். டீ சீட்டுக்கே வந்தாலும் எழுந்து நின்று குடியுங்கள், அரை மணிக்கு ஒருமுறையாவது நடங்கள்.

ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் விழிப்பு வந்தால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதோ என்று பார்க்க வேண்டும். சுண்டுவிரல் பக்கம் என்றால் முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றுவதை இன்றே நிறுத்துங்கள். கையில் பிடித்த டம்ளர் நழுவுகிற அளவுக்கு வந்துவிட்டால், ரிட்டர்ன் முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள்.