கோடாட் 4இல் வெறுங்கைச் சண்டை: ஒரு குத்தைக் கனமாக விழ வைப்பது எப்படி?

வாள் சண்டை என்றால் ஆயுதத்தின் நீளமே பாதி வேலையைச் செய்துவிடும். துப்பாக்கிக்குச் சத்தமும் தீப்பொறியும் போதும். வெறுங்கைச் சண்டையில் இந்த வசதி எதுவும் கிடையாது. கை எட்டும் தூரம் குறைவு, அடி விழும் நேரம் அதைவிடக் குறைவு. குத்து உறைப்பதும் காற்றில் கை வீசுவது போலத் தெரிவதும் நேரக் கணக்கைப் பொறுத்ததுதான். படம் சுமாராக இருந்தாலும் கணக்கு சரியாக இருந்தால் அடி அடியாகத் தெரியும்.

இங்கே செய்யப்போவது, கோடாட் என்ற ஆட்டம் உருவாக்கும் மென்பொருளில் (கேம் எஞ்சினில்) ஒரு 2டி ஆட்டத்துக்கு ஒரு லேசான குத்து, ஒரு பலமான குத்து, இரண்டையும் கோத்து ஒரு காம்போ (எதிராளி இடையில் தப்ப முடியாத தொடர் அடி). கேரக்டர்பாடி2டி (பாத்திரத்தின் உடம்பை நகர்த்தும் கோடாட் உறுப்பு) வைத்து நடக்கும், குதிக்கும் பாத்திரம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். எதிராளிக்கு மூளையெல்லாம் வேண்டாம், அடி வாங்கிக்கொண்டு நின்றால் போதும்.

முதல் படி: தாளில் கணக்கு

எந்த அடிக்கும் மூன்று கட்டங்கள் உண்டு. கை கிளம்புவது ஸ்டார்ட்அப், பட்டால் வலிக்கும் நேரம் ஆக்டிவ், கை திரும்பி வருவது ரெக்கவரி. கோடாட்டின் பிசிக்ஸ் ஓட்டம் இயல்பாக நொடிக்கு 60 முறை நடக்கும். அந்த ஒரு முறையை ஒரு ஃபிரேம் என்போம், ஏறத்தாழ 16.7 மில்லிநொடி.

லேசான குத்துக்கு 4, 3, 8 என்று வைப்போம். மொத்தம் 15 ஃபிரேம், கால் நொடி. பலமான குத்துக்கு 12, 3, 20. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை ஆட்டத்தில் மிக வேகமான சாதாரண அடிகள் 4ஆவது ஃபிரேமில் படும். டெக்கன் என்ற இன்னொரு சண்டை ஆட்டத்தில் ஜாப் (வேகமான நேர்க்குத்து) 10ஆவது ஃபிரேமில்.

இரண்டாம் படி: பெட்டிகள்

அடிக்கும் கைக்கு ஒரு ஏரியா2டி (தன்னை எது தொடுகிறது என்று கவனிக்கும் பெட்டி), அது ஹிட்பாக்ஸ். அடி வாங்கும் உடம்புக்கு இன்னொன்று, அது ஹர்ட்பாக்ஸ். இரண்டையும் வெவ்வேறு கொலிஷன் லேயரில் (மோதல்களைப் பிரித்து வைக்கும் அடுக்கில்) போடுங்கள். ஹிட்பாக்ஸின் மாஸ்க்கில் (எந்த லேயர்களைக் கவனிக்க வேண்டும் என்ற தேர்வில்) எதிராளியின் ஹர்ட்பாக்ஸ் லேயர் மட்டும் இருக்கட்டும். இல்லாவிட்டால் உங்கள் ஆள் தன்னையே குத்திக்கொள்வான்.

டீபக் மெனுவில் விசிபிள் கொலிஷன் ஷேப்ஸை இப்போதே போட்டுவிடுங்கள். கண்ணால் பார்க்காமல் இந்த வேலை ஆகாது.

மூன்றாம் படி: எண்ணிக்கை

பெரும்பாலான வீடியோக்களில் அசைவுகளை ஓட்டும் அனிமேஷன்பிளேயருக்குள்ளேயே ஒரு டிராக் வைத்து ஹிட்பாக்ஸைத் திறந்து மூடச் சொல்வார்கள். வேலை செய்யும், ஆனால் எனக்குப் பிடிக்காது. நாளைக்குப் படத்தை மாற்றினால் சண்டையின் சமநிலையும் சேர்ந்து மாறிவிடும். நொடிக்கு 60 முறை ஓடும் பிசிக்ஸ் பிராசஸில் ஒரு முழு எண்ணை ஒவ்வொரு ஃபிரேமும் ஒன்று கூட்டுங்கள். எண் 5 ஆனதும் பெட்டி திறக்கும், 8 ஆனதும் மூடும், 15 முடிந்ததும் ஆள் விடுதலை. அனிமேஷன் இதன் பின்னால் வரட்டும். சாதாரண பிராசஸில் எண்ணாதீர்கள், அது திரை வரையப்படும் ஒவ்வொரு முறையும் ஓடும். 144 ஹெர்ட்ஸ் திரை வைத்திருப்பவருக்கு உங்கள் வீரன் இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகக் குத்துவான்.

நான்காம் படி: ஒரு குத்து, ஒரு அடி

பலருக்கும் வண்டி நிற்கும் இடம் இதுதான். குத்து ஒன்று, ஆனால் உயிர்க்கோடு மூன்று மடங்கு இறங்குகிறது. காரணம் இரண்டு வகை.

ஒன்று, ஆக்டிவ் ஃபிரேம் ஒவ்வொன்றிலும் யார் மேலே படுகிறது என்று கேட்டு, கேட்ட ஒவ்வொரு முறையும் அடியைக் கழிப்பது. 3 ஃபிரேம், 3 அடி. இதைக் கண்டுபிடித்து ஏரியா என்டர்டு சிக்னலுக்கு (ஒரு பெட்டிக்குள் இன்னொன்று நுழைந்ததும் கோடாட் தரும் அறிவிப்புக்கு) மாறினால் சரியாகிவிட்டது போலத் தெரியும். இரண்டாவது வகை அப்புறம் வரும்: எதிராளிக்குத் தலை, உடம்பு, கால் என்று தனித்தனி ஹர்ட்பாக்ஸ் வைப்பீர்கள். கை இரண்டு பெட்டிகளைத் தொட்டால் சிக்னல் இரண்டு முறை வரும்.

இரண்டுக்கும் ஒரே மருந்து: அடி வாங்கியவர்களின் பட்டியல். குத்து தொடங்கும்போது பட்டியலைக் காலி செய்யுங்கள். ஏதாவது பெட்டி தொட்டால், பெட்டியைப் பார்க்காமல் அதற்குச் சொந்தக்காரர் யார் என்று பாருங்கள். பட்டியலில் இருந்தால் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் சேர்த்துவிட்டு அடியுங்கள். பெட்டியையே பட்டியலில் போட்டால் பிரச்சினை அப்படியே இருக்கும், கவனம்.

சிலர் முதல் அடி விழுந்தவுடன் சிக்னலுக்குள்ளேயே ஹிட்பாக்ஸை அணைக்கப் பார்ப்பார்கள். கோடாட் சிவப்பு எழுத்தில் திட்டும். செட் டிஃபர்ட் போட்டால் (மாற்றத்தைச் சற்றுத் தள்ளிச் செய்யச் சொன்னால்) திட்டாது. ஆனால் எதிரே இரண்டு பேர் நின்றால், சற்றுத் தாமதமாகத் தொடப்படுபவர் தப்பிவிடுவார். பட்டியல்தான் சரி.

இன்னொன்று: ஏரியா மோதல்களின் விவரம் பிசிக்ஸ் படிக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கப்படும். பெட்டி திறந்த ஃபிரேமிலேயே பதில் வராது, அடுத்ததில்தான் வரும். அதனால் ஆக்டிவ் நேரத்தை ஒரே ஒரு ஃபிரேமாக வைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: திகைப்பு, காம்போ

லேசான குத்து 5ஆவது ஃபிரேமில் பட்டதாக வைத்தால், அதன் பிறகு உங்கள் கையில் மிச்சம் 10 ஃபிரேம். அடுத்த குத்தின் ஸ்டார்ட்அப் 4. ஆக, அடுத்த அடி 15ஆவது ஃபிரேமில் படும். எதிராளி 16 ஃபிரேம் திகைத்து நின்றால் தப்ப முடியாது.

அதே இடத்தில் பலமான குத்தைப் போட்டால் 23ஆவது ஃபிரேம் ஆகிவிடும், ஆள் போய்விடுவார். அடி பட்டால் மட்டும் ரெக்கவரியை வெட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவ அனுமதியுங்கள். 13ஆவது ஃபிரேமிலேயே படும். இதற்குப் பெயர் கேன்சல். 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் காம்போ என்பது திட்டமிட்டுச் செய்ததே இல்லை. செய்தவர்கள் கவனித்துவிட்டு, இருக்கட்டும் என்று விட்டது. இன்றைக்கு இந்த வகை ஆட்டமே அதன் மேல்தான் நிற்கிறது.

பட்டனைச் சரியான ஃபிரேமில் அழுத்து என்று ஆடுபவரைப் படுத்தாதீர்கள். அழுத்தியதை 8 ஃபிரேம் வரை ஞாபகம் வைத்து, முடிந்த முதல் ஃபிரேமில் நடத்துங்கள்.

ஆறாம் படி: ஹிட்ஸ்டாப்

அடி பட்டதும் அடித்தவர், வாங்கியவர் இருவரையும் உறைய வையுங்கள். லேசானதற்கு 5 ஃபிரேம், பலமானதற்கு 10. மொத்த எஞ்சினின் டைம் ஸ்கேலை (ஆட்டம் முழுவதும் நேரம் ஓடும் வேகத்தை) பூஜ்யமாக்குவது குறுக்கு வழி. பின்னணி, மற்ற எதிரிகள் எல்லாம் சேர்ந்து நிற்கும். திருப்பி ஓட்ட வைத்த டைமரும் நின்றுவிடும், அதை டைம் ஸ்கேலைக் கண்டுகொள்ளாமல் ஓடும்படி தனியாக அமைக்க வேண்டும். நான் அதைத் தொடுவதில்லை. அந்த இருவரின் ஃபிரேம் எண்ணிக்கையை நிறுத்தி, அனிமேஷனின் ஸ்பீடு ஸ்கேலைப் பூஜ்யமாக்கினால் போதும். இருவரும் சேர்ந்து உறைவதால் ஐந்தாம் படிக் கணக்கு மாறாது.

உறைந்திருக்கும்போது பட்டனை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அந்த 8 ஃபிரேம் ஞாபகத்தின் எண்ணிக்கையும் உறைந்திருக்கட்டும். இல்லாவிட்டால் 10 ஃபிரேம் ஹிட்ஸ்டாப் முடிவதற்குள் அழுத்தியது மறந்துபோகும்.

பின்சேர்க்கை: இடது பக்கம் திரும்பினால் ஹிட்பாக்ஸ் வலப்பக்கமே நிற்கிறது என்று கருத்துப் பகுதியில் கேட்டிருந்தார்கள். ஸ்ப்ரைட்டின் ஃபிளிப் படத்தை மட்டும்தான் திருப்பும். அதற்காகக் கேரக்டர்பாடி2டியின் எக்ஸ் ஸ்கேலை மைனஸ் ஒன்று ஆக்காதீர்கள், பாத்திரம் தாறுமாறாகத் திரும்பும். உள்ளே ஒரு வெறும் நோட்2டி வைத்து, ஸ்ப்ரைட்டையும் ஹிட்பாக்ஸையும் அதன் கீழே போட்டு, அதை மட்டும் திருப்புங்கள். குத்து நடுவில் இருக்கும்போது திரும்ப விடாதீர்கள், இல்லையென்றால் முதுகுக்குப் பின்னால் நிற்பவருக்கும் அதே குத்தில் அடி விழும்.