காலையில் பார்த்த மெயில் கைப்பேசியில் ஏன் இல்லை?

சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் மாமா, வீட்டுக் கணினியில் காலையில் படித்த மெயிலை எம்ஆர்டி ரயிலில் போகும்போது கைப்பேசியில் தேடியிருக்கிறார். காணோம். "யாரோ அழிச்சிட்டாங்கடா" என்று ஒரே புலம்பல். யாரும் அழிக்கவில்லை, அவர் கணினிதான் வாரிக்கொண்டு போயிருந்தது.

கணக்கு அமைப்பைத் திறந்தால், உள்வரும் சர்வர் (மெயில் வந்து சேரும் கணினி) பாப்3, அதாவது மெயிலைக் கருவிக்கு இறக்கும் ஒரு முறை; போர்ட் (இணைப்பு வாசல் எண்) 995. அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே தபால்பெட்டியைத் திறந்து, கடிதங்களை மொத்தமாக அள்ளி வீட்டுக்கு எடுத்துப்போவது மாதிரிதான் பாப். 'சர்வரில் ஒரு பிரதி வை' என்பதை டிக் செய்யாவிட்டால் பெட்டி காலி. ஐமேப் என்ற இன்னொரு முறையில் கடிதம் சர்வரிலேயே இருக்கும். படித்தது, கோப்புறைக்கு மாற்றியது எல்லாம் எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி தெரியும். ஐமேப் 1986இல் மார்க் கிறிஸ்பின் என்ற கணினி நிரலாளர் வடிவமைத்தது. இன்றைய போர்ட் 993.

சரி, மாற்றுவது எப்படி? அவசரப்பட்டுப் பழைய பாப் கணக்கை நீக்காதீர்கள். இறக்கிய மெயில்கள் அந்தக் கணினியில் மட்டும்தான் இருக்கும், கணக்கோடு அவையும் போய்விடலாம். அதே முகவரியை ஐமேப்பாகப் பக்கத்தில் சேர்த்து, பழைய மெயில்களை இழுத்து அதன் கோப்புறையில் போடுங்கள். அவை சர்வருக்கு ஏறும். மாமாவுக்கு ஒரு மாலை முழுக்க ஆனது, இரண்டு தே ஓ (பாலில்லாத தேநீர்) குடித்தோம். கைப்பேசியில் தெரிந்த பிறகே பாப்பை நீக்கினேன்.

அப்புறம், ஐமேப்பில் கைப்பேசியில் அழித்தால் கணினியிலும் அழியும். மாமாவிடம் இதை இரண்டு முறை சொன்னேன்.