காவிரி டெல்டாச் சாலைகளில் வாகனக் கணக்கெடுப்பு: எடுக்கும் முறையும் பயன்படுத்தும் முறையும்

ஒரு வட்டாரத்தின் சாலைத் திட்டத்திற்காக வாகனங்களை எண்ணப் புறப்படுவோர், அந்த எண் எந்த முடிவுக்கு உதவ வேண்டும் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். சாலையை அகலப்படுத்துவதா, தார்த் தளத்தை எவ்வளவு கனமாக இடுவது, ஆற்றின் குறுக்கே புதிய பாலம் தேவையா என்பவை மூன்றும் வெவ்வேறு கேள்விகள். மூன்றுக்கும் ஒரே கணக்கெடுப்பு போதாது.

இடத்தைத் தேர்வதில் டெல்டாவுக்கு ஒரு வசதி உண்டு. ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவதால், வடக்குக்கும் தெற்குக்கும் இடையே செல்லும் வாகனங்கள் ஏதேனும் ஒரு பாலத்தைக் கடந்தே ஆக வேண்டும். திருமானூர், அணைக்கரை, சீர்காழி–சிதம்பரம் சாலை எனக் கொள்ளிடத்தின் மேலுள்ள எல்லாப் பாலங்களிலும் ஒரே நாட்களில் எண்ணினால், அரியலூர், கடலூர்ப் பகுதிகளுக்கும் தஞ்சை, மயிலாடுதுறைப் பகுதிகளுக்கும் இடையிலான மொத்தப் போக்குவரத்தும் கைக்கு வந்துவிடும். ஒரு பாலத்தில் கனரக வாகனங்களுக்குத் தடை இருந்தால் அங்கே லாரிகள் குறைவாகவே தென்படும். அவை சுற்றிக்கொண்டு அடுத்த பாலத்திற்குப் போயிருக்கும் என்பதால், தனித்த ஒரு பாலத்தின் எண்ணை வைத்துத் தேவையை அளக்கக் கூடாது. மற்றச் சாலைகளில், இரண்டு முக்கியச் சந்திப்புகளுக்கு இடைப்பட்ட பகுதிக்கு ஒரு கணக்கெடுப்பு நிலையம் என, ஊரின் உள்போக்குவரத்து கலக்காத தூரத்தில் அமைக்க வேண்டும்.

ஊர்ப்புறச் சாலைகளில் ஆண்டுக்கு இரு முறையேனும், ஒவ்வொரு முறையும் தொடர்ந்து 7 நாட்கள், 24 மணி நேரமும் எண்ண வேண்டும் என்று, சாலைப் பணிகளுக்கான தர விதிகளை வெளியிடும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் (Indian Roads Congress) நெறிமுறை கூறுகிறது. ஒன்று அறுவடையும் விற்பனையும் நடக்கும் பருவத்தில், மற்றொன்று போக்குவரத்து மந்தமான பருவத்தில். டெல்டாவில் முதலாவது, சம்பா நெல் நேரடிக் கொள்முதல் நிலையங்களுக்குச் செல்லும் தை, மாசி மாதங்களில் அமையும். ஆனால் பொங்கல் வாரத்தையும் பெரிய திருவிழா நாட்களையும் தவிர்க்க வேண்டும். ஏழு நாட்கள் எண்ணுவதால் வாரச் சந்தை நாளும் கணக்கில் வந்துவிடும். 8 மணி நேரத்திற்கு ஒரு குழு என மூன்று குழுக்கள் மாறி மாறி, இரு திசைகளையும் தனித்தனியாக, வாகன வகை வாரியாக, வாகனத்திற்கு ஒரு கோடு எனக் கோடிட்டு, ஒவ்வொரு ஐந்தாவது கோட்டையும் குறுக்கே இழுத்துப் பதிவு செய்யலாம். இரவுக் குழுவைத்தான் மேற்பார்வையாளர் அடிக்கடி சென்று பார்க்க வேண்டும். சரக்கு லாரிகள் அதிகம் ஓடும் நேரத்தில் விடுபடும் கோடுகள் பின்னர் தளத்தின் கனத்தையே தவறாக்கிவிடும்.

எண்ணி முடித்ததும் எல்லா வாகனங்களையும் கார் அலகுகளாக, அதாவது ஒவ்வொரு வாகனமும் சாலையில் எத்தனை கார்களுக்குச் சமம் என்ற கணக்காக, மாற்ற வேண்டும். இரு சக்கர வாகனத்திற்கு 0.5, காருக்கும் ஆட்டோவுக்கும் 1, இலகு ரகச் சரக்கு வாகனத்திற்கு 1.5, பேருந்துக்கும் லாரிக்கும் 3, டிரெய்லர் பூட்டிய டிராக்டருக்கு 4.5, மாட்டு வண்டிக்கு 8 என்பவை ஊர்ப்புறச் சாலைகளுக்கான மதிப்புகள். ஒருவழித்தடச் சாலை ஒன்றில் அறுவடைப் பருவத்தில் நாளொன்றுக்கு 1,600 இரு சக்கர வாகனங்கள், 500 கார்களும் ஆட்டோக்களும், 80 இலகு ரகச் சரக்கு வாகனங்கள், 150 பேருந்துகளும் லாரிகளும், 100 டிராக்டர் டிரெய்லர்கள் செல்வதாக வைத்துக்கொண்டால், மொத்தம் 2,320 கார் அலகுகள் ஆகின்றன. சமவெளியில் ஒருவழித்தடச் சாலைக்கு (ஒரு வரிசை வாகனங்களுக்கான அகலம்) நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு 2,000, ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட அகலமுள்ள இடைவழித்தடத்திற்கு 6,000, இருவழித்தடத்திற்கு 15,000. அந்த 100 டிரெய்லர்கள் மட்டும் 450 அலகுகள். அவை ஓடாத மந்தப் பருவத்தில் மட்டும் எண்ணியிருந்தால் இந்தச் சாலைக்கு அகலம் போதும் என்றே முடிவாகியிருக்கும்.

இரண்டு வாரக் கணக்கை ஆண்டுச் சராசரியாக்கப் பருவத் திருத்தம் தேவை. பெட்ரோல் பங்குகளின் சராசரி மாத விற்பனையை, கணக்கெடுத்த மாதத்தின் விற்பனையால் வகுத்து இதைப் பெறுவது வழக்கம். டெல்டாவில் டீசலின் கணிசமான பகுதி அறுவடை இயந்திரங்களுக்கும் உழவு டிராக்டர்களுக்கும் போவதால், அருகில் சுங்கச்சாவடி இருந்தால் அதன் மாதாந்திரக் கணக்கைப் பயன்படுத்துவதே நல்லது என்பது என் கருத்து.

தளத்தின் கனத்திற்கு வேறொரு கணக்கு வேண்டும். அங்கே 3 டன்னும் அதற்கு மேலும் எடையுள்ள வணிக வாகனங்கள் மட்டுமே கணக்கில் வரும். சக்கரங்களைத் தாங்கும் அச்சின் சுமை இரு மடங்கானால் தளத்திற்கு நேரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்பதால், எண்ணிக்கையோடு நில்லாமல் சில லாரிகளையாவது அச்சு எடை மேடையில் ஏற்றிப் பார்க்க வேண்டும். இன்றைய எண்ணைக் கொண்டு எதிர்காலத்தையும் கணிக்க வேண்டும். ஆண்டுக்கு 5 விழுக்காடு வளர்ச்சி என்று கொண்டாலே 15 ஆண்டுகளில் போக்குவரத்து இரு மடங்கைத் தாண்டிவிடும்.

பாலத்தில் எண்ணிய எண், எத்தனை வாகனங்கள் கடந்தன என்பதை மட்டுமே சொல்லும். புதிய பாலத்தின் இடத்தை முடிவு செய்ய, காவல்துறையின் உதவியோடு ஒரு பகுதி வாகனங்களை நிறுத்தி, புறப்பட்ட ஊரையும் சேரும் ஊரையும் ஏற்றிய சரக்கையும் கேட்டுப் பதிவு செய்து, அந்த மாதிரியை வகை வாரியாக மொத்த எண்ணிக்கைக்கு விரிவாக்க வேண்டும். மணி வாரியான மூலத் தாள்களைத் தினச் சராசரி கிடைத்தவுடன் தூக்கி எறிந்துவிடாமல் பாதுகாத்து, பாலமோ புறவழிச்சாலையோ திறந்த பின், அதே நிலையங்களில் அதே பருவத்தில் மீண்டும் எண்ணி ஒப்பிட வேண்டும்.